விழுங்கினால்தான் அடுத்த காட்சி

காடாகக் கிடந்த நிலத்தை வெட்டி வயலாக்கினேன். கிணறு தோண்டினேன், பாதி ஆழத்தில் கல் தட்டுப்பட்டபோது, மூடிவிட்டு வேறு இடம் பார் என்று எங்கள் முரசுமோட்டை ஊர் முழுவதும் புத்தி சொன்னது. நான் அந்தக் கல்லையே உடைத்துத் தண்ணீர் கண்டேன். ஒரே காணியில் மூன்று தடவை வீடு கட்டினேன். முதலாவது மண்வீடு. இரண்டாவது கல்வீடு, சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்த்தபோது வாசற்படி மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் படியை வைத்தே மூன்றாவதைக் கட்டினேன், அதில்தான் இப்போது இருக்கிறேன். இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த இயந்திரத்தைத் தூக்கி வந்து நெல்லுக் குத்தும் மில் போட்டேன். இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கலவரத்தில் துரத்தப்பட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை நான். கலியாணமும் அப்படித்தான் கட்டினேன். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கும் வீட்டுப் பெண், வேதக்காரப் பெண். என் பக்கம் அம்மன், அவள் பக்கம் மாதா. இரண்டு வீட்டாரும் வேண்டாம் என்றார்கள். கட்டினேன்.

இதையெல்லாம் நானே சொல்வதற்குக் காரணம், நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவும் செய்த கை ஒரு கரண்டி கஞ்சியை ஒரு மனிசியின் தொண்டைக்குள் இறக்க முடியாமல் நின்றது. அதையும் நீங்கள் அறியத்தான் வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்தது சினிமாவைப் பற்றி. அண்மையில் வந்த படங்கள் பலவற்றை வவுனியாவுக்குப் போய்த் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. பேப்பரில் எழுதுகிறவர்கள் ஒளிப்பதிவு, திரைக்கதை என்று அளக்கிறார்கள். என் அளவுகோல் வேறு. ஒரு கோப்பை கஞ்சிக்கு அந்தப் படம் காணுமா காணாதா, போதுமா போதாதா என்பதுதான் அது. அது எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சுப் போனது, விழுங்குவதும் போனது. ஆஸ்பத்திரியில் மூக்கால் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். அவள் இடது கையால் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டினார்கள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மெல்ல மெல்ல விழுங்க வந்தது, குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு விடும்போது, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ், என் மகளைவிட வயதில் குறைந்த பிள்ளை, எங்களுக்கு விளக்கமாகச் சொன்னா.

"ஐயா, தடிப்பாக் காய்ச்சின கஞ்சிதான். நிமிர்த்தி இருத்திக் குடுக்கவேணும். சின்னக் கரண்டி. ஒண்டை விழுங்கின பிறகுதான் மற்றது. வாயால எடுக்காட்டி திரும்பவும் குழாய்தான் போடவேண்டி வரும்."

அந்தக் கடைசி வசனம் என் மனிசிக்கும் கேட்டது. இருந்தும் வீட்டுக்கு வந்தவள் வாயைத் திறக்கவில்லை. எங்களோடு இருக்கும் மகள் கெஞ்சினாள், அழுதாள், ஏசினாள். நான் மாதா படத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அம்மனுக்கு நேர்ந்தேன். உதடு இரண்டும் ஒட்டியபடியே இருந்தன. கல்லாக இருந்திருந்தால் உடைத்திருப்பேன்.

இப்படி இருக்கும்போது மில்லின் பெல்ற் அறுந்துவிட்டது. புதிது வாங்க வவுனியாவுக்குப் போனேன். கடைக்காரர் செத்த வீட்டுக்குப் போய்விட்டார், பின்னேரம்தான் திறப்பார் என்றார்கள். வெயில் உச்சியில் ஏறியது. பக்கத்தில் தியேட்டர், உள்ளே ஏசி. போய் உட்கார்ந்தேன். பெல்ற்றோடு வீட்டுக்கு வந்தபோது பொழுதுபட்டுவிட்டது. மகள் கஞ்சிக் கோப்பையோடு கட்டிலடியில் நின்றாள்.

"எங்க போனனீங்கள்?"

"கடை பூட்டிக் கிடந்தது பிள்ளை. படமொண்டு பாத்தனான்."

"நல்லது. அம்மா இஞ்ச பச்சைத் தண்ணி வாயில படேல்லை, உங்களுக்குப் படம். அப்ப அந்தக் கதையையும் சொல்லுங்கோவன், கேப்பம்!"

அவள் நக்கலாகத்தான் கேட்டாள். நான் கோபத்தில் சொல்லத் தொடங்கினேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரு காணி. அண்ணன் தன் மனைவியின் பேச்சைக் கேட்டுத் தம்பியின் எல்லைக் கட்டையைப் பிடுங்குகிறான். நான் சொல்லிக்கொண்டு போக, கட்டிலில் இருந்தவளின் கண் சுவரை விட்டு என் பக்கம் திரும்பியது. தம்பி கத்தியோடு வாசலில் வந்து நின்ற இடத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது. மகள் கெட்டிக்காரி, கரண்டியை உள்ளே வைத்துவிட்டாள். நான் கதையை நிறுத்தினேன். மனிசி என்னையே பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள்.

"சொல்லுங்கோ அப்பா, நிப்பாட்டாதேங்கோ" என்றாள் மகள்.

"பொறு. வாய்க்குள்ள இருக்கோ பார்."

இல்லை என்று கண்டபின்தான் தம்பியை வீட்டுக்குள் விட்டேன். இதுதான் என் முறை. மில்லில் நெல் கொட்டும் வாயை நிரம்ப விட்டால் இயந்திரம் இறுகிவிடும். உள்ளே போனது அரைபட்ட பிறகுதான் அடுத்ததைக் கொட்ட வேண்டும். கதையையும் அப்படிக் கொட்டினேன். விழுங்கினால்தான் அடுத்த காட்சி. அன்றைக்கு அரைக் கோப்பை போனது. மகள் குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதாள்.

அதற்குப் பிறகு படம் பார்ப்பது எனக்குத் தொழிலாகிவிட்டது. பரந்தன் சந்தியில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போவேன், பார்ப்பேன், வந்து சொல்வேன். தியேட்டர் வாசலில் ரிக்கெற் கிழிக்கும் தம்பி என்னைக் கண்டால் சிரிப்பான்.

"என்ன ஐயா, இந்த வயசில இவ்வளவு பைத்தியமோ?"

"பைத்தியமில்லையடா, சமையலுக்குச் சாமான் வாங்க வாறனான்" என்பேன். அவனுக்கு விளங்காது.

இனி என் அபிப்பிராயங்கள்.

அடிதடிப் படங்கள் உதவாது. கதாநாயகன் வருவதற்கே புகை, காற்று, பின்னால் எரிகிற வாகனம். நடந்து வருகிறான், வருகிறான், இன்னும் வருகிறான். என் மில்லில் உமி பறக்கும்போது நானும் அப்படித்தான் வெளியே வருவேன், ஒருவரும் விசில் அடித்ததில்லை. மூன்று மணித்தியாலம் கண்ணும் காதும் நோகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சொல்ல என்ன இருக்கிறது? "அவன் இவனுக்கு அடிச்சான். பிறகு மற்றவனுக்கு அடிச்சான்." இரண்டு கரண்டியோடு படம் முடிந்துவிடும், கோப்பையில் கஞ்சி ஆடை கட்டி இருக்கும். அதோடு சத்தம். இப்போதெல்லாம் பின்னாலிருந்தும் சத்தம் வரும்படி ஏதோ பூட்டியிருக்கிறார்கள். குண்டு விழும் காட்சி ஒன்றில் நான் என்னையறியாமல் கதிரைக்குக் கீழே குனிந்துவிட்டேன். நிமிரும்போது முன்வரிசையில் இன்னொரு நரைத்த தலையும் கீழேயிருந்து எழும்பியது. இருவரும் பார்த்துக்கொண்டோம். அவர் செருப்பைத் தேடுவதுபோலப் பாவனை செய்தார். நானும் தேடினேன். வீட்டில் சொல்லும்போது அந்தக் குண்டை விட்டுவிட்டேன்.

பேய்ப்படம் ஒன்று கொண்டுவந்தேன். எடுத்தவன் கெட்டிக்காரன், நன்றாகப் பயப்படுத்தினான். ஆனால் பேய் கதவைத் திறந்த இடத்தில் என் மனிசி சிலுவை போடப் பார்த்தாள். வலது கை எழும்பவில்லை. கண்ணால் அந்தக் கையைப் பார்த்தாள், திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோனேன். எனக்கு முறை சரியாகத் தெரியாது, தோளில் எது முதல் என்று பிழைவிட்டிருப்பேன். அதோடு பேய்ப்படம் நிறுத்தம்.

பகிடிப் படம்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. எல்லோரும் நோயாளிக்குச் சிரிப்பு நல்லது என்பார்கள். ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்கப் போன இடத்தில் ஆட்டுக்குட்டியை மாமியார் என்று நினைத்துக் கும்பிட்ட காட்சியைச் சொன்னேன். வாயில் கஞ்சியோடு சிரித்துவிட்டாள். புரைக்கேறி முகம் நீலமாகப் போனது. மகள் முன்னால் குனிய வைத்து முதுகில் தட்டினாள். நான் "ஐயோ, ஐயோ" என்று கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது சரியாக ஏசிப்போட்டா. "ஐயா, வாயில சாப்பாடு இருக்கேக்க சிரிக்க வைக்காதேங்கோ. கதைக்கவும் விடாதேங்கோ. விளையாட்டில்லை." அவா சொன்னது நியாயம். பகிடிப் படம் எடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுடைய படம் சாப்பிட்ட பிறகு பார்க்க வேண்டியது.

காதல் படம் இப்போது எடுக்கத் தெரியவில்லை. இருவரும் ஃபோனில் சண்டை பிடிக்கிறார்கள், எனக்கு இடைவெளி வேண்டும் என்கிறார்கள், மழையில் நிற்கிறார்கள். தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. தாய் தகப்பன்கூட நல்லவர்கள். பிறகு என்ன கதை? எங்களுக்கும் இடைவெளி இருந்தது, முரசுமோட்டைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில். அதைச் சைக்கிளில் மிதித்தேன். இதைப் படத்துக்கு நடுவில் செருகிச் சொன்னபோது என் மனிசி கண்ணை மூடித் திறந்தாள். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

காலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வரும் படம் ஒன்று. நேற்றைக்குப் போனவன் அங்கே தன்னையே கண்டு தன்னோடேயே சண்டை பிடிக்கிறான். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. விளங்காததை விளங்காதபடியே சொன்னேன். அவள் திகைத்துப்போய் வாயைத் திறந்தபடியே இருந்தாள், கரண்டி சுகமாகப் போய்வந்தது. முழுக் கோப்பையும் முதன்முதலாகக் காலியானது அந்தப் படத்தில்தான். எடுத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அந்தப் படத்தில்தான் அவள் பேசினாள். நான் ஒரு கரண்டிக்குப் பின் கொட்டாவி விட்டுத் தாமதித்தேன். அவள் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "பி... றகு?"

பாரிசவாதத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதற் சொல் அது. மகள் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தாயைக் கட்டிப்பிடித்தாள். மிஸ்ஸிடம் போய்ச் சொன்னபோது, "வெரி குட், வாய்ப் பயிற்சியை விடாமச் செய்திருக்கிறீங்கள்" என்றா. கதையால் வந்த சொல் அது என்று நான் சொல்லவில்லை. அவா அந்தச் சந்தோசத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இனி முடிவு பற்றிச் சொல்ல வேண்டும். என் மனிசி கூத்துப் பார்த்து வளர்ந்தவள். அவளுடைய கரையில் கோயில் திருநாளுக்கு விடிய விடியக் கூத்து நடக்கும். அரசன் வெல்வானா, வேதசாட்சி சாவானா என்பதெல்லாம் பார்க்க வருகிற எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் அவளுக்குப் பார்ப்பது. சுகமாக இருந்த காலத்தில் தியேட்டருக்குக் கூட்டிப்போனால், முதற்காட்சி முடிந்து வெளியே வருபவர்களை மறித்து, "தம்பி, கடைசியில ஆள் சாகுதோ?" என்று கேட்பாள். அவர்கள் என்னை முறைப்பார்கள். இப்போது வாயில்லாவிட்டாலும் பழக்கம் போகவில்லை. நான் கதையைத் தொடங்கினால் இடது கையைக் கவிழ்த்துக் காட்டுவாள். முடிவைச் சொல் என்று அர்த்தம். முடிவு நல்லதென்றால் வாய் திறக்கும். துப்பறியும் படத்தில்கூடக் கொன்றவன் யாரென்று முதலே சொல்லித்தான் தொடங்குவேன். பொலிஸ்காரன் பிழையான ஆளைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் ஒரு பக்கத்தால் சிரிப்பாள். அந்தப் படங்களை எடுப்பவர்களும் அப்படியே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இப்போது முடிவே இல்லாத படங்கள் வருகின்றன. கதை சூடேறும் இடத்தில் திரை கறுத்து, மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்று போடுகிறார்கள். காசு வாங்கி நெல்லைப் பாதி குத்தி, மிச்சம் அடுத்த வருசம் வா என்று நான் சொன்னால் என் மில்லுக்கு யார் வருவார்கள்? கட்டிலில் ஒருத்தி கையைக் கவிழ்த்து முடிவு கேட்கிறாள். நான் என்ன செய்வேன்? நானே முடித்தேன். அவனை அவளுக்குக் கட்டி வைத்து, எதிரியைச் சிறைக்கு அனுப்பி, தாயைச் சுகமாக்கினேன். ஒரு கோப்பை இறங்கியது. அன்றிலிருந்து கையில் துணிவு வந்துவிட்டது. சோகமான முடிவோடு வந்த படங்களையும் திருத்தினேன்.

அப்படித் திருத்தியவற்றில் ஒன்று, ஒரு தாயின் கதை. புருசன் இல்லாதவள், பிள்ளைகளின் வீடுகளுக்கு மாறி மாறி அனுப்பப்படுகிறாள். கடைசியில் ஆஸ்பத்திரியின் நீட்டு வாங்குப் பலகையில் ஒருவரும் இல்லாமல் செத்துப் போகிறாள். நல்ல படம். அதை அப்படியே கொண்டுவந்து கஞ்சியோடு கொடுக்க நான் என்ன விசரனா? என் கதையில் அந்தத் தாய் வாங்கிலிருந்து எழும்பினாள். பஸ் ஏறித் தன் ஊருக்குப் போனாள். மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மணத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அந்தக் குழம்பு வைப்பதை மட்டும் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு நீட்டினேன். புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று எல்லாம் சொன்னேன். அவளுக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தால் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். குழம்புப் படம் வேண்டுமென்று அர்த்தம்.

அப்போதுதான் கனடாவிலிருந்து மகன் வந்தான். தாய்க்குச் சத்துமா டின்களும், சுவரை மறைக்கும் அளவில் ஒரு ரீவியும் வாங்கிவந்தான். நல்ல பிள்ளை. தங்கையிடம் கேட்டிருக்கிறான், அம்மாவுக்கு எந்தப் படம் விருப்பமென்று. அவள் சொல்லியிருக்கிறாள். வயலில் இருந்து நான் வந்தபோது தாயைச் சாய்வு கதிரையில் இருத்தி, அந்தக் குழம்புப் படத்தைப் போட்டுவிட்டான்.

"உந்தப் படத்தை நிப்பாட்டு தம்பி" என்றேன்.

"ஏனப்பா? அம்மாக்கு விருப்பமாம்."

"அவா களைச்சுப் போவா."

"களைக்கேல்லை, பாருங்கோ முகத்தை."

பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்த சிரிப்பு. இவ்வளவு கதை சொன்ன வாய்க்கு அந்த நேரம் ஒரு கதையும் வரவில்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிடலாம் என்று விறாந்தை மூலைவரைக்கும் போனேன். உள்ளேயிருந்து அவள் "ம்ம்" என்று ரசிக்கும் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். வந்து கதிரைக்குப் பின்னால் நின்றேன். திரையில் அந்தத் தாய் வாங்கில் போய் உட்கார்ந்தாள். என் மனிசி மூக்கைத் தொட்டாள், குழம்பு வரப்போகிறது என்று. திரையில் தலை சாய்ந்தது. கை தொங்கியது. பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்களுக்குப் பிறகாவது எழும்புவாள் என்று நினைத்திருப்பாள்.

பிறகு கழுத்தை மெல்லத் திருப்பி என்னைத் தேடினாள்.

"பொய்" என்றாள்.

"அண்ணா! அம்மா புதுச்சொல்லு சொல்லிப்போட்டா!" மகள் துள்ளினாள். மகன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு முன்னால் மண்டியிட்டான். "அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ. வடிவாச் சொல்லுங்கோ."

அவள் ஃபோனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "பொய்."

அந்த வீடியோ கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனது. எல்லோரும் பூவும் கும்பிட்ட கையும் போட்டு அனுப்பினார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் கதையைத் தொடங்க, உதடு ஒட்டியது. மறுநாளும் அப்படியே. நான் திருத்தாமல் ஒரு படத்தை உள்ளது உள்ளபடி சொன்னேன், மாதா மேல் சத்தியம் பண்ணிச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள். "இஞ்சேரும், உமக்காகத்தான் மாத்தினனான். நீர் சாப்பிடவேணுமெண்டுதான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். கதையில் ஆள் செத்தாலும் பரவாயில்லை, அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு. முடிவைக் கேட்டறிந்து உட்காருகிறவளை முடிவிலேயே ஏமாற்றினால் எப்படி? அது எனக்கு இப்போது விளங்குகிறது. அந்தக் கட்டிலடியில் விளங்கவில்லை. கரண்டியோடு நின்றேன், அவ்வளவுதான்.

உடம்பு இளைத்தது. கிளினிக்கில் மிஸ் நிறை பார்த்துவிட்டு, இப்படியே போனால் குழாய்தான் என்றா. என் மனிசியின் இடது கை மடியில் இறுகியதை நான் கண்டேன்.

மகன் ரீவியைப் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தான். வாய் திறந்தது. ஆனால் படம் ஓடிக்கொண்டே இருந்ததால் விழுங்க மறந்துவிட்டாள், கஞ்சி கன்னத்துக்குள் கிடந்தது. அவன் பயந்துபோனான். அப்போது மகள் சொன்னாள், நான் குசினி வாசலில் நின்று கேட்டேன்: "அண்ணா, அப்பா உப்பிடிக் குடுக்கிறேல்லை. நிப்பாட்டி நிப்பாட்டித்தான் சொல்லுறவர். விழுங்கினாத்தான் மிச்சம்."

மகன் ரிமோட்டை எடுத்தான். ஒரு காட்சி, நிறுத்தம். திரை அப்படியே உறைந்து நிற்க, ஒரு கரண்டி. அவள் திரையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், விழுங்கினாள். படம் ஓடியது. திரும்பவும் நிறுத்தம். கோப்பை காலியானது. எனக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. குழாய் வராது என்று தெரிந்தபோது கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவள் இப்போது எல்லாம் பார்க்கிறாள். சாகும் படம், அழும் படம், முடிவில்லாத படம். முடிவைக் கேட்பதில்லை. சாவைக் கண்டும் விழுங்குகிறாள். "பிறகு?" என்று கேட்பதும் நின்றுவிட்டது. ரீவியிடம் கேட்கத் தேவையில்லைத்தானே. ரிமோட் இருக்கிறது.

அடுத்த கிளினிக்கில் நிறை கூடியிருந்தது. மிஸ்ஸுக்குச் சந்தோசம். "எப்பிடிச் செய்தனீங்கள்?"

"படத்தை நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுக் குடுக்கிறனான் மிஸ்" என்றான் மகன்.

"நல்ல யோசினை! ரீவி போடவேண்டாமெண்டு நாங்கள் எல்லாருக்கும் சொல்லுறது, ஆனா விழுங்கும்வரை நிப்பாட்டுறது எண்டால் சரி. மற்ற ஆக்களுக்கும் சொல்லுவன். மகனுக்குத்தான் நன்றி சொல்லவேணும் அம்மா, என்ன?"

சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நான் நின்றேன். "அது நான் கண்டுபிடிச்சது" என்றேன். மிஸ் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டா. மகன் என் தோளில் கை வைத்தான்.

"அப்பா, அம்மா சாப்பிடுறா. இப்ப அதுவோ முக்கியம்?"

முக்கியம்தான். என் மனிசியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அவள் வாசலில் போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் கனடாவுக்குப் போய்விட்டான். ரிமோட் இப்போது மகளின் கையில். போன கிழமை நான் சும்மா வவுனியாவுக்குப் போய் ஒரு படம் பார்த்தேன். ஒரு மீனவக் குடும்பத்தின் கதை, நன்றாக இருந்தது. ஆனால் எடுத்தவனுக்குக் கரைவலை இழுக்கத் தெரியாது, கயிற்றைத் தோளில் போடும் விதமே பிழை. என் மனிசி கண்டால் சிரிப்பாள். படம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போக, பெயர்கள் ஓடின. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், ஆறுதலாக இருந்து வாசித்தேன். வாகனம் ஓட்டியவருக்குப் பெயர் போட்டிருந்தார்கள். குடை பிடித்தவருக்குப் போட்டிருந்தார்கள். சோறு சமைத்தவருக்கும் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லக் கட்டிலடியில் உட்கார்ந்தேன். வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் விரலை உதட்டில் வைத்து, "அப்பா, அம்மா விழுங்குறா, கதைக்காதேங்கோ" என்றாள். எழும்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பவள் மகள், இந்த இடத்தை அவள் வெட்டக் கூடாது. நிறுத்திக் கொடுக்கும் முறை என்னுடையது. அதை ரிமோட் கண்டுபிடிக்கவில்லை. என் மனிசியின் வாயில் இன்றைக்கு இருக்கும் இரண்டு சொல்லும் என் கதைகளால் வந்தவை, ஒன்று என்னைக் கேட்டது, ஒன்று என்னை ஏசியது, இரண்டும் என் கணக்கில்தான் சேர வேண்டும். மிஸ் மற்ற நோயாளிகளின் வீட்டாருக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுக்கும்போது, முரசுமோட்டையில் மில் வைத்திருக்கும் ஒரு கிழவன் தொடங்கியது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மகன் கனடாவில் ஆட்கள் கேட்டால், அப்பாவிடமிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பெயர்கூடப் போடத் தேவையில்லை, அப்பா என்றால் காணும். சொல்லுங்கோ. நான் இருக்கும்போதே, அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கோ.